வாசல் தூணில் பதினெட்டுக் கோடு

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் இன்று முதலாவது. பீடத்துக்கு ஊதாத் துணி போட்டிருந்தார்கள். பிரசங்கம் சுருக்கம், அறிவிப்புகள் நீளம். உபதேசியார் இந்த வருடம் எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வாசிக்கிறார். நடுவில் ஒருமுறை சபை முழுக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

நாளை முதல் அதிகாலைப் பஜனை. இருபத்துநான்காம் தேதிவரை, ஞாயிறு தவிர்த்து, தினமும் நாலரை மணிக்குக் கோயிலிலிருந்து புறப்பட்டு மாசிலாவிளையின் நான்கு தெருக்களையும் பாடிச் சுற்றுவார்கள். இந்தப் பஜனைக்கு ஒரு சட்டம் உண்டு. கதவைத் தட்டக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வாசலில் நின்று ஒரு பாட்டை முழுக்கப் பாட வேண்டும், பாட்டுதான் கதவைத் திறக்க வேண்டும். வீட்டார் விளக்கைப் போட்டு வெளியே வந்தால் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். கடைசி நாள் நிறைவு எங்கள் வீட்டில். மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். அவருக்குப் பிறகு சுக்குக்காப்பி போட்டுக் கொடுப்பது நான். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் எனக்கென்று வாய்த்த இடம் அது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

இந்த வருடம் பஜனைக்கு ஒலிபெருக்கி கிடையாது. கோபுரத்திலிருந்த குழாய்களை இறக்க வைத்தது ஜூலையில் சபைக் கமிட்டிக்கு நான் எழுதிய கடிதம். படிக்கிற பிள்ளைகள், நோயாளிகள் என்று காரணங்களை வரிசையாக எழுதியிருந்தேன். பஜனையை நடத்துவது ஞானசுந்தரி அக்கா, என் வீட்டுக்காரர் ஆசீரின் அண்ணன் மனைவி. "படிச்சவ எழுதிட்டா, இனி நாங்க வாயப் பொத்திக்கிட்டுதான் பாடணும்" என்றாள் அப்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிசம்பர் 1, திங்கள்

பஜனை வரவில்லை. முதல் நாள், ஆள் சேர்ந்திருக்காது.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்றும் வரவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. இந்தக் கைப்பேசி வாங்கி நாலு வருடம் ஆகிறது.

அஞ்சலகத்தில் என் மேசையை ஜன்னலை ஒட்டித் திருப்பிப் போட்டேன். வருகிறவர்கள் இனி என் வலப்பக்கம் நிற்பார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. டிசம்பரில் ஒரு காலத்தில் இந்தக் கிளைக்கு வாழ்த்து அட்டைகள் சாக்கு சாக்காக வரும். இன்று வந்தவை மூன்று. மூன்றும் ஒரே ஆள் மூன்று வீட்டுக்கு அனுப்பியவை, மூன்றிலும் ஒரே ஒட்டகம்.

இடது தோள் வலி விடவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு வலப்பக்கமாகவே படுக்கிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

எதிர்வீட்டு வயலட் டீச்சர் வெளியே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"டீச்சர், பஜனை இந்தப் பக்கம் வருதா?"

"தெனமும் வருதே!"

"ஒங்க வீட்டுக்கா?"

"பின்ன? நாலே முக்காலுக்கெல்லாம் வந்திருதாவ." பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேலே ஏதோ சொல்ல வந்தவர், கொப்பளிக்கப் போய்விட்டார்.

ஆக, டீச்சர் வீடுவரை வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்காமல் திரும்பிப் போகிறார்கள்.

குழாய்க் கடிதத்தைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

சுவருக்கு வண்ணம் பூச அளவெடுக்க சுடலைமுத்து வந்தான். கேட்டின் இடது தூணைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, பால்காரன் கணக்கா?" என்றான்.

தூணில் சுண்ணக்கட்டியால் ஐந்து கோடுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம், பக்கம் பக்கமாக நேராக நின்றன. நான் பால் வாங்குவது பாக்கெட்டில்.

"கொசு மருந்து அடிக்க வாறவங்க போட்டிருப்பாங்க" என்றேன்.

"அவனுவ தேதி எழுதி கையெழுத்துல்லா போடுவானுவ. இது வேற." சுடலைமுத்து மூக்கைத் தூணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "ஒரே நாள்ல போட்டது இல்லக்கா. ஒண்ணு மங்கலு, ஒண்ணு பளிச்சினு இருக்கு பாருங்க."

வண்ணக்காரனின் கண். எனக்கு இது தோன்றியிருக்காது. வரலாறு படித்த எனக்கு ஒரு கல்வெட்டு கிடைத்துவிட்டது.

டிசம்பர் 6, சனி

ஆறு கோடு.

டிசம்பர் 9, செவ்வாய்

வண்ணம் பூசி முடிந்தது. சுவருக்கு வெளிர்நீலம், தூண்களுக்கு மஞ்சள். கோடுகள் எட்டாகியிருந்தன. எட்டும் மஞ்சளுக்குள் போய்விட்டன. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. விஷயம் தெரியாமலே அழித்துவிட்டேன்.

அச்சுமுறுக்குக்கு அரிசி ஊறப்போட்டேன். குக்கரில் விசிலே வருவதில்லை, சாதம் குழைந்து களியாகிறது. கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

புதிய மஞ்சளில் ஒன்பது கோடு! ஒன்று அல்ல, ஒன்பது. அழித்த எட்டையும் திரும்பப் போட்டு, மேலே ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பதும் ஒரே பளிச்சில் இருக்கின்றன. யாரோ கணக்கை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதோடு கோபமாகவும் இருக்கிறார்கள். கடைசிக் கோட்டை அழுத்திப் போட்டதில் பூச்சே கீறியிருக்கிறது.

பயப்பட வேண்டுமா என்று யோசித்தேன். பயம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது.

பஜனை இன்றும் இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி. எனக்கு இடப்பக்கம் நிற்கும் ஸ்டெல்லா நல்ல குரல்காரி. தையல் படிக்கிற பெண். இந்த வருடம் வாயை மட்டும் அசைக்கிறாள்.

"கொஞ்சம் சத்தமாப் பாடு ஸ்டெல்லா."

"இதுக்கு மேல பாடுனா தொண்ட கிழிஞ்சிரும்க்கா."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டாவது முறை பாடும்போது நான் ஒரு வரி முந்திப் போய்விட்டேன். ஆர்மோனியம் நின்றது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற விதம், உடம்பு சரியில்லாதவருக்கு வழிவிடுவது போலவும் இல்லை, பெரியவர்களுக்கு விடுவது போலவும் இல்லை.

வெளியே, கோயில் வேலைகளைப் பார்த்து மணியும் அடிக்கும் இஸ்ரவேல் கோயில்குட்டியிடம், மணிக்குக் கயிறு மாற்றினீர்களா, சத்தம் குறைந்துவிட்டதே என்றேன். "அதே கயிறு, அதே மணி, அதே கைதான் தாயி" என்றார்.

டிசம்பர் 13, சனி

மும்பையிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். கடையை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு இருபத்துமூன்றாம் தேதி வருகிறார்.

"ஏன் இப்படிக் கத்துத?" என்றார்.

"லைன் சரியில்ல."

"எனக்கு நல்லாத்தான கேக்கு?"

பஜனை நம் வீட்டை விட்டுவிட்டது என்று சொன்னேன். "சுந்தரி மைனி அப்படிச் செய்யாது" என்றார். அவருக்கு அவர் அண்ணி. நிறைவு நாளுக்குச் சுக்கு வாங்கிவிட்டாயா என்று கேட்டார். வாங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பன்னிரண்டு கோடு.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நிறைவு இந்த வருடம் ஞானசுந்தரி அக்கா வீட்டில் என்று வயலட் டீச்சர் சொன்னார். அறிவிப்பில் வாசித்தார்களாம். நான் முன்வரிசையில்தான் இருந்தேன்.

அக்கா வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நேராகப் போனேன்.

"நிறைவு எங்க வீட்ல கெடையாதாம்?"

"ஆமா."

"யாரு முடிவு பண்ணுனது?"

"எல்லாருமாத்தான்."

"எங்க வீடு வேண்டாம்னு ஆயிட்டாக்கும்."

அக்கா நிமிர்ந்தாள். "வேண்டாம்னு யாரு சொன்னா ஹெப்சி? நாங்களா, நீயா?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதத்தான் நானும் சொல்லுதேன். நீ ஒண்ணுமே சொல்லல. ஒரு வெளக்குகூடப் போடல. நாங்க என்ன மரக்கட்டையா?"

"அதுக்காக இருபது வருசத்து வழக்கத்த மாத்துவியளா?"

"நீ குழாய எறக்கல? அதுவும் வழக்கந்தான்."

அவள் குரல் நடுங்கியது. அது கோபத்தின் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. விளக்கு என்று அவள் சொன்னது நட்சத்திர விளக்கையாக இருக்கும். இந்தத் தெருவில் நான் மட்டும்தான் இன்னும் நட்சத்திரம் கட்டவில்லை. விடுமுறைக்கு மகள் ஜெனிட்டா வந்து கட்டட்டும் என்று விட்டிருந்தேன். ஒரு காகித நட்சத்திரத்துக்கா இவ்வளவு?

தூணில் இன்று புதுக்கோடு இல்லை. போன ஞாயிறு இருந்ததா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன ஞாயிறும் இல்லை. வீட்டுக்கு அடையாளம் போடும் எந்தத் திருடனும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

டிசம்பர் 15, திங்கள்

பாடகர் குழுவிலிருந்து விலகுவதாகக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரி. உறையிலிட்டு ஒட்டினேன். அஞ்சலகத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நான். தபால்தலை ஒட்டி முத்திரை குத்திப் பையில் போட ஒரு நிமிடம் ஆகாது. சாயங்காலம் அதைக் கைப்பையிலேயே வைத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்.

பதின்மூன்று கோடு.

டிசம்பர் 16, செவ்வாய்

தெருவில் நடந்து எல்லாத் தூண்களையும் பார்த்தேன். வேறு வீடுகளிலும் உண்டு! வயலட் டீச்சர் வீட்டில் ஒன்று. மகளைப் பார்க்க அவர் சாத்தான்குளம் போயிருந்த நாளாக இருக்கலாம். முக்குக் கடைக்காரர் வீட்டில் இரண்டு. மற்ற வீடுகள் சுத்தம். எங்கள் தூணில்தான் பதினான்கு.

ஸ்டெல்லா சைக்கிளில் வந்தாள். நிறுத்தினேன்.

"ஏ பிள்ள, இந்தக் கோடு என்னதுன்னு தெரியுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். "நக்கல் பண்ணாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டாள். காது மடல்வரை சிவந்திருந்தது. அவள் விரல்நுனியில் வெள்ளை. தையல்காரிக்குச் சுண்ணக்கட்டி இல்லாமல் எப்படி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நின்று இன்னொரு முறை நினைத்தேன்.

டிசம்பர் 17, புதன்

பதினைந்து. சுடலைமுத்து விட்டுப்போன சுண்ணாம்புப் பொடி அரைச் சாக்கு பின்கட்டில் கிடக்கிறது. படுக்கப் போகுமுன் அதை அள்ளி கேட்டுக்கு வெளியே சல்லடையால் சலித்துப் பரப்பினேன். வருகிறவரின் கால் அதில் பதியட்டும். நாற்பத்தைந்து வயதில் இந்த வேலை. ஜெனிட்டாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

டிசம்பர் 18, வியாழன்

ஐந்தரைக்கு டார்ச்சோடு போனேன்.

ஒரு ஆளின் தடத்தை எதிர்பார்த்திருந்தேன். அங்கே பொடியே தெரியாத அளவுக்குக் கால்கள். வெறுங்கால், ரப்பர் செருப்பு, சிறு பிள்ளைகளின் பாதம். பதினைந்து இருபது பேர் இருக்கும். வந்தவர்கள் கடந்து போகவில்லை, நின்றிருக்கிறார்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு இடத்தில் ஒரே குதிகால் தாளம் போட்டதுபோல் திரும்பத் திரும்பப் பதிந்து குழியாகியிருந்தது.

எல்லாக் கால்களும் வீட்டைப் பார்த்து இருந்தன.

முன்வரிசையில், கேட்டுக்கு மிக அருகே, கட்டம் கட்டமான ஒரு தடம். எம்.சி.ஆர். செருப்பு. இந்த ஊரில் சர்க்கரைக்காக அதைப் போடுவது ஒரே ஆள்தான். போன வருடம் நாகர்கோவிலில் அதை வாங்கி அக்கா காலில் போட்டுப் பார்த்தவள் நான்.

தூணில் பதினாறாவது கோடு.

அவ்வளவு பேர் என் வாசலில் நின்று என்ன செய்திருப்பார்கள்? ஒரு பதில் இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இன்று அஞ்சலகத்தில் வேலை அதிகம்.

டிசம்பர் 19, வெள்ளி

சாயங்காலப் பேருந்தில் ஜெனிட்டா வந்துவிட்டாள். மதுரையில் விடுதிச் சாப்பாடு அவளை இன்னும் மெலிய வைத்திருக்கிறது. வந்ததும் சமையலறைக்குள் ஓடினாள்.

"அம்மா, எத்தன விசில் விடுவ? ஏழு ஆயிட்டு!"

அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து ஏதோ பேசினாள் போலிருக்கிறது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வலப்பக்கம் வந்து, "நட்சத்திரம் எங்கம்மா இருக்கு, கட்டிருதேன்" என்றாள்.

கட்டிவிட்டாள். சிவப்பு.

டிசம்பர் 20, சனி

நடந்ததை நடந்தபடியே எழுத முயல்கிறேன்.

ஜெனிட்டா என் தோளை உலுக்கினாள். அறை இருட்டு. அவள் வாய் அசைவது தெரிந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். தூக்கியதும், மதகைத் திறந்துவிட்டதுபோல, பாட்டு உள்ளே வந்தது. டோலக், ஜால்ரா, பெண்களின் குரல், எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் கட்டைக் குரல். என் வாசலில். பத்து அடி தூரத்தில்.

"எவ்வளவு நேரமாப் பாடுதாங்க, கதவத் தொறக்கலையா நீ?" என்றாள் ஜெனிட்டா.

நான் உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தலையை மறுபடி தலையணையில் வைத்தேன், வலப்பக்கமாக, எப்போதும் படுப்பதுபோல. பாட்டு நின்றது. மின்விசிறி இல்லை, நாய் இல்லை, ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கினேன். பாட்டு இருந்தது. வைத்தேன், இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். ஜெனிட்டா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் கதவைத் திறந்தபோது தெருவில் யாரும் இல்லை. தூணில் பதினெட்டாவது கோடு ஈரப்பனியில் வெள்ளையாக இருந்தது.

எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு இடது காது அடைத்த மாதிரி இருந்தது. சளி என்றேன், பிறகு நீர் கோத்தது என்றேன். கைப்பேசியை வலப்பக்கம் மாற்றினேன், மேசையை மாற்றினேன், படுக்கும் பக்கத்துக்குத் தோளைக் காரணம் சொன்னேன். தோள் வலி பொய்யில்லை, ஆனால் அதை ஒரு திரையாகவும் வைத்துக்கொண்டேன். உபதேசியார் வாய்க்குள் வாசிக்கவில்லை. மணியில் குறையில்லை. ஸ்டெல்லா தொண்டை கிழியத்தான் பாடியிருக்கிறாள்.

ஊரெல்லாம் சத்தம் குறைந்துவிட்டது என்று இருபது நாளாக இந்த நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். திருப்பி வாசித்துப் பார்த்தேன். வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம். மனம் எவ்வளவு சாமர்த்தியமாக ஊரையே குற்றவாளி ஆக்குகிறது!

ஜெனிட்டா பாளையங்கோட்டையில் ஒரு காது மருத்துவரிடம் இருபத்தொன்பதாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டாள். அக்காவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். ஊர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும், அதைச் சுமப்பது இதைவிட லேசு என்றும் ஒரு மனம் சொல்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் முந்திரிக்கொத்துக்குப் பயறு மாவும் வெல்லப்பாகும் சேர்த்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா உதவிக்கு இருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் கையும் நின்றது.

"வா" என்றாள் அக்கா. நாற்காலி போடச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து நானும் ஓர் உருண்டை பிடித்தேன். பாகு சுட்டது.

"அக்கா, நீங்க தெனமும் வந்திருக்கிய."

"வந்தோம்."

"எனக்குத் தெரியாது."

"பதினெட்டு நாளு, வாசல்ல நின்னு, முழுப்பாட்டு. நாலாவது நாளு, ஒனக்குப் புடிச்ச பாட்டுன்னு ரெண்டு தடவ பாடச் சொன்னேன். ஒரு வெளக்கு எரியல. சரி, குழாய் பிடிக்காதவளுக்கு எங்க தொண்டையும் பிடிக்கலன்னு நெனச்சோம். கோட்ட வேற மஞ்சளடிச்சு அழிச்ச!"

"கோடு என்னதுன்னே எனக்குத் தெரியாதுக்கா."

"மொத ஞாயித்துக்கெழமையே உபதேசியார் வாசிச்சாரே!" என்றாள் ஸ்டெல்லா. "தொறக்காத வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு அஞ்சு முந்திரிக்கொத்து அபராதம்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்கக்கா, நான் பாத்தேன்."

"சிரிச்சேன். என்னன்னு தெரியாமச் சிரிச்சேன்." மாவுக் கையால் இடது காதைத் தொட்டேன். "இது கேக்கல. ஆகஸ்ட்ல இருந்து. கேக்குற காத தலையணையில வச்சு ஒறங்கியிருக்கேன்."

எண்ணெய் காய்ந்து புகைந்தது. யாரும் எழுந்து பார்க்கவில்லை.

"ஒரு காதா?" என்றாள் அக்கா.

"ஒரு காது."

"அதச் சொல்ல ஒனக்கு நாலு மாசம்."

"ஆமா."

"கமிட்டிக்கு மூணு பக்கம் கடுதாசி எழுதத் தெரியுது. எனக்கு ஒரு வரி எழுதத் தெரியலியாளா?" அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள், நெற்றியில் பாகு ஒட்டியது. "நான் வேற, ஒன்ன நெனச்சு ரெண்டு நாளு ஒறங்கல. செவிடுன்னு சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். திமிரு புடிச்சவன்னுல்லா நெனச்சு வயிறெரிஞ்சேன்."

"திமிரும் கொஞ்சம் உண்டுதான."

"அது எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றாள். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போது கேட்டேன்: "நிறைவு?"

"பாலுக்குச் சொல்லியாச்சு, பந்தல் போட்டாச்சு. இந்த வருசம் இங்கதான். அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம்." அவளே கேட்டுவரை வந்தாள், என் வலப்பக்கமாக வந்து சொன்னாள்: "இருவத்தி நாலாந்தேதி எங்கூட நட. ஒருநாளும் நீ நடந்ததில்லல்லா. காப்பி போட்டுக் குடுத்துட்டு வாசல்லயே நின்னுருவ. அபராதத்த மறந்துராத. தொண்ணூறு."

டிசம்பர் 22, திங்கள்

நாலு மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்தார்கள். பாட்டை ஆரம்பிக்குமுன்பே கதவு திறந்திருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். "உள்ள போய்க் கதவச் சாத்துங்கக்கா, முறைப்படி பாடணும்" என்றாள் ஸ்டெல்லா. போய்ச் சாத்திக்கொண்டேன். திறந்தேன்.

கைப்பையிலிருந்த உறையை அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

தொண்ணூறு முந்திரிக்கொத்து. ஜெனிட்டா எண்ணினாள், எண்பத்தெட்டு, இரண்டைத் தின்றது அவள். அவர் ரயிலில் வந்து இறங்கினார். இரண்டு நாள் பயணம், வாய் திறந்தபடியே தூங்கிவிட்டார். காதைப் பற்றி அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. நாளை.

டிசம்பர் 24, புதன்

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை பஜனையோடு நடந்தேன். ஜெனிட்டாவும் வந்தாள். நல்ல பனி. ஒவ்வொரு வாசலிலும் நிற்பதும், உள்ளே ஒரு விளக்கு எரிவதும், தாழ்ப்பாள் விலகுவதும்! உள்ளேயிருந்து திறக்கிறவளுக்கு இது தெரியாது. பாட்டின் நடுவில் எல்லோர் கண்ணும் கதவின் அடியில் இருக்கும் இடுக்கில்தான் இருக்கிறது, வெளிச்சம் வருகிறதா என்று.

எங்கள் வீட்டுக்கு வந்தோம். நீலச் சுவர், மஞ்சள் தூண், சிவப்பு நட்சத்திரம். உள்ளே இருட்டு. அவர் தூங்குகிறார்.

நான் கேட்டில் கை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "பாட்டுதான் தொறக்கணும்."

பாடினார்கள். பாதியில், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது, நான் வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிப் பார்த்தேன். பத்தொன்பது வாய்கள் திறந்து மூடின. ஜால்ரா மோதிப் பிரிந்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எதிரே ஓர் இருண்ட வீடு. டோலக் மட்டும் கால் வழியே ஏறி வந்தது, மிக லேசாக. இவர்கள் பதினெட்டு நாள் பார்த்துக்கொண்டு நின்றது இந்த வீட்டைத்தான். கையை எடுத்தேன்.

கடைசி அடி முடிந்தது. விளக்கு எரியவில்லை.

"ஆசீருக்கு ரெண்டு காதும் சரியாத்தான இருக்கு?" என்றாள் அக்கா.

சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. ஸ்டெல்லா சுண்ணக்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். பத்தொன்பதாவது கோட்டை நானே போட்டேன்.

நிறைவு அக்கா வீட்டில் நடந்தது. அங்கே சுக்குக்காப்பியில் கருப்பட்டி கொஞ்சம் கூடுதல். சொல்லவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

அதிகாலை ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. ஸ்டெல்லா யாரும் சொல்லாமலே எனக்கு வலப்பக்கம் வந்து நின்றாள். நான் எந்த வரியிலும் முந்தவில்லை.

பாடி முடித்து நாங்கள் பெஞ்சில் உட்கார வரும்போது, ஞானசுந்தரி அக்கா எனக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். பைபிளைத் திறந்தாள். பிறகு மூடினாள். எழுந்து, புதுப்புடவை சரசரக்க எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு சுற்றி வந்து, ஸ்டெல்லாவை நகரச் சொல்லி, வலப்பக்கம் உட்கார்ந்தாள். புடவையின் சரசரப்பு கடைசியில்தான் எனக்குக் கேட்டது.